புளியங்கொட்டை அளவு நிலம்

நவீன்,

போன பௌர்ணமிக்கு நீ வந்து மலையைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறாய். அதை எனக்குச் சொன்னவர் நம் தெருமுனை டீக்கடைக்காரர். "உங்க பையன் வந்திருந்தாரே சார், கூட ரெண்டு பசங்க. செருப்பு இல்லாம நடந்து வந்தாரு. தண்ணி பாட்டில் வாங்கினாரு. டீ சாப்பிடுங்க தம்பின்னேன், வேணாம்னுட்டாரு" என்றார். என் முகத்தில் என்ன கண்டாரோ, "வீட்டுக்கு வந்துட்டுதான் போயிருப்பாருன்னு நெனச்சேன்" என்று முனகிவிட்டு பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். "வந்தான், வந்தான். சாப்பிட்டுட்டுதான் போனான்" என்று நான் சொன்னேன். ஊரில் எல்லோரிடமும் உண்மை பேசுகிறவன் என்று பெயர் எடுத்தவன், ஒரு டீக்கடையில் நின்று பொய் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மாலை நான் வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் கூட்டம் போவது அங்கிருந்து தெரியும். அந்தக் கூட்டத்தில் நீயும் போயிருக்கிறாய்.

ராஜஸ்தானுக்குப் போகிறாய் என்பதும் உன் அம்மா வழியாகத்தான் தெரிந்தது. அவள் உன்னோடு போனில் பேசுவதெல்லாம் அடுப்படியில், மிக்சி ஓடும்போது. எனக்குக் கேட்கக் கூடாது என்று அந்த ஏற்பாடு. மிக்சி சத்தத்துக்கு மேல் அவள் கத்திப் பேசுவதால் அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துக் கேட்கிறது. பெரிய சோலார் பூங்கா, பாலைவனம், இரண்டு வருட வேலை. எல்லாம் கேட்டேன். கேட்காதவன்போல் பேப்பர் படித்தேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நான் கத்திவிடுவேன், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுதும்போது கத்தினால் அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதலாம். இதையும் இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா ஒரு கசந்துபோன மனிதன் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லியிருப்பாய். சொன்னால் தவறில்லை. எனக்குக் கீழே படித்துவிட்டு வந்தவனைத் துறைத் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்து, என்னை அவனுக்கு விடுப்புக் கடிதம் எழுத வைத்த கல்லூரியை நான் மன்னிக்கவில்லை. செங்கம் ரோட்டில் நம் பக்கத்து வீட்டுக்காரன் மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, அதன்மேல் இன்னொரு மாடி கட்டி, என் மாடிக்கு வரும் காலை வெயிலை மறைத்ததையும் மன்னிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக உன் சித்தப்பாவை மன்னிக்கவில்லை. சிலர் பழைய பாத்திரங்களைச் சேர்த்து வைப்பார்கள், நான் இவற்றைச் சேர்த்து வைத்தேன். அவ்வப்போது எடுத்துத் துடைத்தும் வைத்தேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று உன் அம்மா கேட்பாள்.

அந்த மாடிக்கு வெயில் வந்துகொண்டிருந்த நாட்களில் நாம் போட்ட கணக்கு உனக்கு நினைவிருக்கும். நீ ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். கரண்ட் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை. புழுக்கத்தில் புரண்டுகொண்டிருந்தவன், "இவ்ளோ வெயில் அடிக்குது, இதுலேர்ந்து கரண்ட் எடுக்க வேண்டியதுதானே" என்று எரிச்சலோடு சொன்னாய். எனக்கு அதைவிட மகிழ்ச்சியான கேள்வியை எந்த மாணவனும் கேட்டதில்லை. உன்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, இதில் விழுகிற வெயில் எவ்வளவு, அதில் தகடு பிடித்துக்கொள்வது எவ்வளவு, மேகம், தூசு, ராத்திரி எல்லாம் கழித்தால் மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதவைத்தேன். பிறகு நாடு முழுவதும் ஆகும் மின்சாரத்தை அதால் வகுக்கச் சொன்னேன். பூஜ்யங்களில் நீ தடுமாறினாய். நான் குட்டினேன். கடைசியில் விடை வந்தபோது உன்னால் நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிற இந்தியா வரைபடம் ஒன்றை எடுத்து வந்து, அந்த நிலம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அளந்து பார்த்தோம். உன் அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் முறத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வரைபடத்தின்மேல் வைத்தேன். ஏறக்குறைய அதுதான் அளவு.

"இவ்ளோதானாப்பா?" என்றாய்.

"இவ்ளோதான்டா. வண்டி, அடுப்பு, ஃபேக்டரி எல்லாத்தையும் கரண்டுக்கு மாத்திட்டா இன்னும் ரெண்டு மூணு கொட்டை வைக்கணும். ராத்திரிக்குச் சேமிக்கிறதுக்குக் கொஞ்சம் எடம். அவ்ளோதான்."

"எங்க வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டு நீயே கொட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாய். கடலில் வைத்தாய். இமயமலையில் வைத்தாய். கடைசியில் ராஜஸ்தானில் வைத்தாய். வைத்த பிறகு, குழந்தைகளுக்குத்தான் இப்படித் தோன்றும், "அங்க யாராவது இருப்பாங்களாப்பா?" என்று கேட்டாய்.

"யாரும் இருக்க மாட்டாங்க. சும்மா கெடக்கிற எடம்" என்று சொன்னேன்.

இந்தக் கடிதத்தில் நான் எதற்காவது உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் முதலில் கேட்க வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்தக் கொட்டையை நீ ரொம்ப நாள் உன் ஜாமெட்ரி பாக்சில் வைத்திருந்தாய். வளர்ந்து, படித்து, அதே வேலைக்கே போனாய். சூரிய மின்நிலையத்துக்கு இடம் தேடுகிற வேலை. நான் பெருமைப்பட்டதை உன்னிடம் காட்டவில்லை, கல்லூரியில் எல்லோரிடமும் காட்டினேன். புளியங்கொட்டையை உடைத்து, துண்டு துண்டாக நாடு முழுவதும் வைப்பதுதான் என் மகனின் வேலை என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். துண்டு ஒன்று நம் ஊருக்கே வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை.

அன்றைக்கு நீ லேப்டாப்பைத் திறந்து காட்டியபோது எவ்வளவு ஆசையாகக் காட்டினாய். "அப்பா, எங்கன்னு சொல்லு பாக்கலாம்" என்றாய். வானத்திலிருந்து எடுத்த படம். பச்சைக் கட்டங்களாகக் கழனிகள், நடுவில் ஏரி, அதற்கு மேலே பழுப்பாக ஒரு பரப்பு. அதைச் சுற்றி நீ சிவப்புக் கோடு போட்டிருந்தாய். ஏரியின் வளைவைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் மேட்டுக் கொல்லை. உன் சித்தப்பாவின் பங்கும், அதை ஒட்டிய மற்றவர்களின் நிலமும். பக்கத்தில் ஒரு பட்டியல். அதில் அந்த நிலத்துக்கு நேராக 'தரிசு, காலி' என்று இருந்தது.

"யாரக் கேட்டு காலின்னு போட்ட?"

"சாட்டிலைட் படத்துலயே தெரியுதேப்பா. முள்ளு மண்டிக் கெடக்குது. போய்ப் பாத்தேன். சித்தப்பா குத்தகைக்குக் குடுக்க ஒத்துக்கிட்டாரு."

"ஓ. அவன் வீட்டுக்குப் போய்ட்டு வந்தியா?"

"நிலம் அவருதுப்பா. அவர்கிட்டதான் போகணும்."

நீ பொறுமையாகத்தான் பேசினாய். நான் எத்தனை வாதங்களை எடுத்து வீசினேன் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. விளைநிலம் போகிறது என்றேன். அது விளைந்து எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டாய். வீட்டுக் கூரைகளில் போடு என்றேன். கூரைகளில் போட்டாலும் பத்தாது, கூரையிலும் போட வேண்டும் தரையிலும் போட வேண்டும் என்றாய். காற்றாலை வை, அதன் கீழேயாவது உழலாம் என்றேன். இந்தப் பக்கம் அவ்வளவு காற்று இல்லை என்றாய். ஆடு மேய்க்கிறவர்கள் எங்கே போவார்கள் என்றேன். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கி, "கஷ்டம்தான்பா. ஆனா நிலக்கரிக்காக ஊரையே காலி பண்ணவங்களை நெனச்சுப் பாரு. மொத்த நாட்டுல நூத்துல ஒரு பங்கு, ரெண்டு பங்கு. நீதானே சொல்லிக் குடுத்த" என்றாய். நூற்றில் ஒரு பங்கு என்பது நாட்டுக்கு. அந்த ஒரு பங்குக்குள் இருக்கிறவனுக்கு அது நூற்றுக்கு நூறு. இதைச் சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் அது ஒரு வாதமாக இருந்திருக்கும். நான் சொன்னது வேறு.

"இனிமே அவன் வீட்லயே சோறு தின்னு. அவனுக்கே கொள்ளி வையி. நான் செத்தா நீ வர வேணாம்."

உன் அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள். நீ லேப்டாப்பை மூடினாய், ரொம்ப மெதுவாக மூடினாய். சார்ஜரைக்கூட எடுக்காமல் போய்விட்டாய். அது இன்னும் அந்த மேஜையிலேயே இருக்கிறது. பங்காளிப் பகைக்காக அப்பா இப்படி ஆடுகிறார் என்றுதான் நீ நினைத்துக்கொண்டு போனாய். உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது உனக்கு இப்போது தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உன் சித்தப்பா சொல்லித் தெரிந்ததாக மட்டும் அது இருக்கக் கூடாது. நான் சொல்ல வேண்டும். உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பெயர் வைக்கும் முன்பே போய்விட்டாள். பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஐப்பசி மழை, காய்ச்சல், ஆற்றில் தண்ணீர் வந்து பஸ் நின்றுவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது. அவ்வளவு சின்னக் குழந்தையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவது நம்மிடம் வழக்கமில்லை. சொந்த நிலத்தில் புதைப்பார்கள். மேளம் கிடையாது, கூட்டம் கிடையாது. கல் வைக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, பிறகு அந்த இடத்துக்குப் போகக் கூடாது. போனால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். பெற்றவளை அழைத்துப்போகவே மாட்டார்கள். நான் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். உன் சித்தப்பா கடப்பாரையோடு முன்னால் போனான். மேட்டுக் கொல்லையில் அவன்தான் தோண்டினான். மழையில் நனைந்தபடி இரண்டு பேரும் திரும்பி வந்தோம். உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். கேட்கக் கூடாது என்று பெரியவர்கள் அடக்கிவிட்டார்கள். அதன் பிறகு அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இயற்பியல் படித்தவன், போனால் அடுத்த பிள்ளை தங்காது என்பதையெல்லாம் நம்புகிறவனா என்று நீ கேட்கலாம். நம்பவில்லை. ஆனால் நீ பிறக்கும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. நீ பிறந்த பிறகும் போகவில்லை. அதுதான் நான்.

அப்படி ஒருத்தியை அங்கே விட்டுவிட்டு வந்த நான்தான், மாடியில் உட்கார்ந்து உனக்கு 'சும்மா கெடக்கிற எடம்' என்று பாடம் எடுத்தேன்.

போன வாரம் நான் ஊருக்குப் போனேன். நீ தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பியதைக் கேட்ட பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உன் அம்மாவிடம் கல்லூரி வேலை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். நல்ல வெயில். மேட்டுக் கொல்லைக்குப் போகும் வண்டிப்பாதை இப்போது தார் ரோடு. முள்வேலி, பெரிய இரும்பு கேட், அதற்குள்ளே நீலத் தகடுகள் வரிசை வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் முகத்தைச் சாய்த்துக்கொண்டு. கேட்டுக்கு உள்ளே, பளபளவென்று பட்டை போட்ட பச்சைச் சட்டையும் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான். உன் சித்தப்பா.

என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன்போல, "ஐடி கார்டு இருக்குதா?" என்றான்.

"என்னடா?"

"கார்டு இல்லாதவங்கள உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்ண்ணா. சொந்த அண்ணன்னாலும் விடக் கூடாது. சொந்த அண்ணன்னா இன்னும் ஜாஸ்தி செக் பண்ணணும்."

சொல்லிவிட்டுத்தான் பூட்டைத் திறந்தான். எத்தனையோ வருடம் கழித்து அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நானும் சும்மா இருக்கவில்லை. "உன் நெலத்துக்கு நீயே வாட்ச்மேனா?" என்று குத்தினேன்.

"முன்னயும் அதாண்ணா பண்ணினு இருந்தேன். அப்ப சம்பளம் இல்ல."

இரண்டு பேரும் வரிசைகளுக்கு நடுவே நடந்தோம். கீழே புல் வெட்டிச் சுத்தமாக இருந்தது. ஒரே அளவில், நூல் பிடித்ததுபோல் ஓடிய வரிசைகளில் ஒன்று மட்டும் நடுவில் நின்றுவிட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடி தொடங்கியது. ஒரு கட்டில் போட்டு, அதைச் சுற்றி நான்கு பேர் நிற்கும் அளவுக்கு இடம். வெறும் மண். நான் நின்றுவிட்டேன்.

"இங்க ஏன் விட்டிருக்காங்க?"

"உம் புள்ளையக் கேளு."

"டேய்."

"வந்து கேட்டான். எங்கப்பா ஏன் சித்தப்பா இந்த நெலத்துக்கு இப்டி எரிஞ்சி விழறாருன்னு. பங்காளிச் சண்டைன்னு சொல்லியிருந்தா போயிருப்பான். எனக்கு வாய் வரலண்ணா. சொல்லிட்டேன். அப்டியே ஒக்காந்துட்டான். எனக்கு அக்காவான்னான். அழுதான். அப்புறமா எழுந்து மூஞ்ச தொடச்சினு, எங்கன்னு கேட்டான். காட்டினேன். ரெண்டு நாள் கழிச்சி வேற ப்ளான் எட்த்துனு வந்தான். இந்த எடத்துல தூணு நடக் கூடாது, குழி தோண்டக் கூடாதுன்னு நின்னான்."

"ஆபீஸ்ல என்னன்னு சொன்னானாம்?"

"பாறை இருக்குதுன்னு எழுதிட்டானாம்."

நவீன், பத்தாவதில் நீ பக்கத்துப் பையனின் லேப் ரெக்கார்டைப் பார்த்து எழுதியதற்காக உன்னை ஸ்கேலால் அடித்தவன் நான். பார்க்காத அளவைப் பார்த்ததாக எழுதாதே என்று சொன்னவன். இல்லாத பாறையை நீ எழுதிவைத்தாய் என்று கேட்டபோது, அந்த வெயிலில், அந்தத் தகடுகளுக்கு நடுவில், உன் சித்தப்பா முன்னால் நான் அழுதேன். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகுதான் கேட்டேன், "இதானாடா அது?"

"நீதான் சொல்லணும். நீதான தூக்கினு வந்த."

"தோண்டினவன் நீ."

"எலந்த மரத்துக்குக் கெழக்கன்னு வச்சினு இருந்தேன். மரம் பட்டுப் போயி எவ்ளோ காலமாச்சி."

"எலந்தை இல்லடா. வேப்பமரம். வேப்பமரத்துலேர்ந்து ஏரிப் பக்கம்."

"வேப்பமரம் கெணத்தாண்டண்ணா. அது உன் பங்கு. நீ வித்தியே, அதுல."

"எனக்கு வேப்பிலை மேல விழுந்தது ஞாபகம் இருக்குது."

"மழையில எந்த எல விழுந்திச்சோ."

இரண்டு நரைத்த தலைகள், ஒரு குழந்தையை எங்கே வைத்தோம் என்று தெரியாமல், நிலத்தில் இல்லாத மரங்களைக் காட்டிக் காட்டிச் சண்டை போட்டோம். கல் வைக்கக் கூடாது என்றார்கள், வைக்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள், பார்க்கவில்லை. இப்போது மேட்டையும் பள்ளத்தையும் இயந்திரம் சமப்படுத்திவிட்டது. நீ விட்ட இடம் சரியான இடமா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஒருவேளை மூன்றாவது வரிசையாக இருக்கலாம். அந்த வரிசையின் தூண்களை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் நடந்தேன்.

திரும்பும்போது அவன் கேட்டான், "பாகம் பிரிக்கிறப்ப நான் ஏன் மேட்டக் கேட்டேன்னு நெனச்ச?" நம் பக்கத்தில் அண்ணன் நிலத்தை இரண்டாகப் பிரிப்பான், தம்பி தனக்கு வேண்டியதை முதலில் எடுப்பான். நான் பிரித்தேன். கிணற்றுக் கழனி ஒரு பக்கம், மேட்டுக் கொல்லை ஒரு பக்கம். அவன் கழனியைத்தான் எடுப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் மேட்டை எடுத்தான். நல்லதை எனக்கு ஒதுக்கும்படி பிரித்தேன் என்று ஊர் பேசட்டும், நான் தலைகுனியட்டும் என்றுதான் எடுத்தான் என நான் முடிவு கட்டினேன். அந்தக் கோபத்தில்தான் அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் போகாமல் இருந்தேன்.

"டவுன்ல வீடு கட்டறதுக்கு உம் பங்க நீ வித்துடுவன்னு தெரியும்ண்ணா. பாப்பாவயும் சேத்து வித்துடுவியேன்னுதான்" என்றான். பிறகு, "போர்ல தண்ணி இல்ல. மல்லாட்ட வெதச்சா பன்னி நோண்டிட்டுப் போவுது. அதான் குத்தகைக்கு உட்டேன். விக்கல. எம் பேர்லதான் இருக்குது" என்று என்னிடம் கணக்கு ஒப்பிப்பதுபோல் சொன்னான். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. "தொப்பி நல்லா இருக்குதுடா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அது எனக்கு வாயில் வருவதில்லை. உனக்கும் வராது. என்னிடமிருந்து வந்த பழக்கம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "வாங்க" என்றாள். "இப்ப பஸ் கெடையாது" என்றேன். "காலைல போலாம்" என்று சொல்லிவிட்டு, மாற்றிய புடவையோடே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளை அழைத்துப் போனேன். உன் சித்தப்பா அவளிடம் கார்டு கேட்கவில்லை. கேட்டை விரியத் திறந்துவிட்டு, "வாங்கண்ணி" என்று ஒதுங்கி நின்றான். அந்த இடத்துக்கு வந்ததும் நான் நின்றேன். "இங்கதான்" என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். முப்பது வருடம் கூட இருந்தவளிடம் பொய் நிற்காது.

"உங்களுக்கே தெரியல, இல்ல?"



அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் உட்கார்ந்தாள். கையால் தடவிப் பார்த்தாள். பக்கத்து வரிசைத் தகட்டின் நிழல் அவள் மடிவரை வந்திருந்தது. என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னாள்: "இத்தன வருசமா வெயில்ல கெடக்கறாளேன்னுதான் இருந்திச்சி. ஒவ்வொரு சித்திரைக்கும் அதான் நெனப்பேன். இங்க இருந்தாலும் சரி, அந்தத் தகட்டுக்குக் கீழ இருந்தாலும் சரி. நெழல்லதான் இருக்கா." பிறகு என்னை அண்ணாந்து பார்த்து, "எம் புள்ள விட்ட எடம். இதுவே இருக்கட்டும், வாத்தியாரே. அளக்க ஆரம்பிக்காதீங்க" என்றாள்.

நான் அளக்கவில்லை.

நீ இப்போது ராஜஸ்தானுக்குப் போகிறாய். நாம் கொட்டையை வைத்த அதே இடத்துக்கு. போகாதே என்று சொல்லமாட்டேன். நம் கணக்கு சரிதான், அதில் தவறில்லை. கரியை எரித்துக்கொண்டே இந்த நாடு இருக்க முடியாது என்று உனக்குச் சொன்னவனும் நான்தான். புளியங்கொட்டை அளவு நிலம் எங்கேயாவது வேண்டும், யாராவது கொடுத்தாக வேண்டும். நான் விட்டுவிட்ட வரி ஒன்றை மட்டும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள். படத்தில் பழுப்பாகத் தெரிகிற இடத்துக்கு நேரில் போ. ஆள் இல்லை, மரம் இல்லை, கல் இல்லை என்றாலும், பக்கத்து ஊரில் இருக்கும் கிழவர்களிடம் கேள், பெண்களிடம் தனியாகக் கேள். இங்கே யாரையாவது விட்டுவிட்டு வந்திருக்கிறீர்களா என்று கேள். உன் அம்மா மாதிரி, எந்தப் பக்கம் என்று கேட்கக்கூட விடாமல் நிறுத்திவைக்கப்பட்ட ஒருத்தி அங்கேயும் இருப்பாள். அவர்கள் காட்டுகிற இடத்தை விட்டுவிட்டு வரிசை போடு. நாடு இருட்டாகிவிடாது. எத்தனை பாறை வேண்டுமானாலும் எழுதிக்கொள், நான் ஸ்கேலை எடுக்கமாட்டேன். ஆனால் என்றாவது ஒருநாள், பாறை என்று எழுதாமல் உண்மையை எழுதியே இடம் விட முடிகிற மாதிரி உன் ஆபீசை மாற்று. அது என் ஆசை. என் கல்லூரியை என்னால் மாற்ற முடியவில்லை. நான் கோபித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

கொள்ளி பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாயால் சொன்னதை எடுத்துக்கொள்ள முடியாது என்பாய். முடியாதுதான். உன் சித்தப்பாவுக்குப் பெண்கள் மட்டும்தான். அவனுக்கும் நீ வைக்கத்தான் வேண்டும். அன்று சாபமாகச் சொன்னதை இப்போது வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பேருக்கும் நீ வா. ஆனால் அதுவரை காத்திருக்காதே.

ரயில் ஏறுவதற்கு முன் இன்னொரு பௌர்ணமி வருகிறது என்று உன் அம்மா காலண்டரைப் பார்த்துச் சொல்கிறாள். சார்ஜரைத் துடைத்துச் சுருட்டி வைத்திருக்கிறாள். நீ சுற்ற வருவாய் என்று எனக்குத் தெரியும். மலை உன் வலப்பக்கமாக வந்துகொண்டே இருக்கும். டீக்கடைக்கு வந்ததும் இடப்பக்கம் நம் தெரு. நான் வாசலில் இருப்பேன், எதுவும் கேட்கமாட்டேன். நீ திரும்பினால் மட்டும் போதும்.

அப்பா